நாக்கு ஒளித்துவைத்தவை – 7: நெய்ச்சட்டிச் சோறு

வெண்ணெய் உருகி, நுரை கட்டி, சடசடவென்ற சத்தம் அடங்கும் நேரத்தில் ஒரு பிடி முருங்கைக்கீரையை உள்ளே போடுவார்கள். கீரை மொறுமொறுப்பானதும் அடுப்பை அணைத்து நெய்யை வடிப்பார்கள். வடித்த நெய் விற்பனைக்கோ விருந்துக்கோ போய்விடும். சட்டியின் அடியில் பழுப்பாக ஒட்டியிருக்கும் கசண்டும், பொரிந்த முருங்கை இலையும் மிஞ்சும். அதில் சுடுசோற்றைப் போட்டு, இரண்டு கல் உப்பு சேர்த்து, சட்டியோடு பிசைந்து சாப்பிடுகிறவர்கள் ஊத்துக்குளிப் பக்கம் ஏராளம். சோற்றுக்குப் பதில் நாட்டுச்சர்க்கரை போட்டு வழித்துத் தின்கிறவர்களும் உண்டு. கேட்டால் முதலில் சிரிப்பார்கள். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஆமாங்க, அது ஒரு கெட்ட பழக்கமுங்க" என்பார்கள்.

அதை ஏன் கெட்ட பழக்கம் என்று சொல்ல வேண்டும்? இந்தத் தொடரில் இதுவரை பார்த்த ரகசியத் தீனிகள் பலவற்றை மறைக்க வைத்தது மணமோ, சாதியோ, கேலியோதான். இங்கே காரணம் வேறு. வெண்ணெய் இந்த ஊரில் உணவாக இருப்பதற்கு முன்னால் வருமானமாக இருந்தது.

எருமைப்பாலில் கொழுப்பு 7 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், ஒரு கிலோ வெண்ணெய் திரள பத்துப் பன்னிரண்டு லிட்டர் பால் வேண்டும். ஓரிரு எருமை வைத்திருக்கும் வீட்டில் அது சில நாள் கறவை. தினமும் தோய்த்து, கடைந்து, திரட்டி, தண்ணீரில் போட்டுப் பாதுகாத்து வியாபாரியிடம் கொடுத்தால்தான் தீவனக் கடனும் பள்ளிக்கூடச் செலவும் தீரும். வெண்ணெய் வெளியே போகும், மோர் வீட்டுக்கு. இந்தக் கணக்கில் ஒரு விரல் வெண்ணெயை வழித்து வாயில் வைத்த பிள்ளை பணத்தைத் தின்ற பிள்ளை ஆகிவிடுகிறது. நெய்ச்சட்டிச் சோற்றின் மேல் இன்றும் ஒட்டியிருக்கும் கூச்சம் அந்தக் கணக்கின் மிச்சம் என்றே நான் நினைக்கிறேன். அடியில் ஒட்டிய கசண்டை யாரும் விலைக்குக் கேட்கப் போவதில்லை. ஆனாலும் மறைத்தே சாப்பிட்டுப் பழகிவிட்டோம்.

ஊத்துக்குளி வெண்ணெய் எப்படிப் பேர் வாங்கியது என்பதிலும் ஒரு நெசவுக்காரக் கதை இருக்கிறது. காங்கேயம், தாராபுரம் வட்டாரங்களின் மானாவாரி மண்ணில் கிளுவை வேலி போட்டு, கொழுக்கட்டைப்புல்லும் வெள்வேல மரமுமாக விட்டுவைத்த மேய்ச்சல் நிலத்துக்குக் கொரங்காடு என்று பெயர். மாடும் எருமையும் அதில் வளர்ந்தன. ஊத்துக்குளிக்குப் பக்கத்தில், ஏறக்குறைய 15 கிலோமீட்டரில், திருப்பூர். பனியன் வருவதற்கு முன்பே அது பருத்திச் சந்தையும் ஜின்னிங் ஆலைகளுமாக இருந்த ஊர். பஞ்சு நூற்பாலைக்குப் போனது, பிரிந்த பருத்திக்கொட்டை தொட்டிக்கு வந்தது. ஊறவைத்து ஆட்டிய பருத்திக்கொட்டையைத் தின்ற எருமையின் வெண்ணெய் கெட்டியாக இருக்கும், வெயிலுக்குச் சட்டென்று இளகாது. கொட்டையில் உள்ள ஒருவகைக் கொழுப்பு அமிலம், மாட்டின் உடலில் கெட்டிக் கொழுப்பு இளகுகொழுப்பாக மாறுவதைத் தடுக்கிறது என்பது அறிவியல் சொல்லும் காரணம். நாம் உடுத்தும் பனியனும் நாம் ஒளித்துத் தின்னும் வெண்ணெயும் ஒரே காயிலிருந்து பிரிந்தவை என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்த மண்ணின் மேல் பெரிய மரியாதை வருகிறது.

சரி, அந்தக் கசண்டில் அப்படி என்ன ருசி? வெண்ணெயில் ஏறக்குறைய 80 சதவீதம் கொழுப்பு. மீதியில் பெரும்பகுதி தண்ணீர், கொஞ்சம் பால் புரதம், கொஞ்சம் பால் சர்க்கரை. காய்ச்சும்போது தண்ணீர் ஆவியாகிறது. புரதமும் சர்க்கரையும் சூட்டில் கூடிச் சிவந்து அடியில் படிகின்றன. ரொட்டியின் மேல்தோலுக்கும் வறுத்த காப்பிக்கொட்டைக்கும் மணம் தருகிற அதே மாற்றம்தான் இது. 1912-ல் பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமீல் மயார் இதை விவரித்தார். நெய்க்குப் போகும் மணமும் இந்தச் சிவப்பில் பிறந்ததே. ஆகவே சட்டியை வழிப்பவர் கழிவைத் தின்பதாக நினைக்க வேண்டாம், மணம் பிறந்த இடத்தையே தின்கிறார். கூடவே உப்பேறிய முருங்கை இலை. அரிசிம்பருப்புச் சோற்றின் மேல் ஊற்றும் நெய்கூட இதற்கு அடுத்தபடிதான் என்பது என் தீர்ப்பு. மாதம் ஓரிரு முறை காய்ச்சும் வீட்டில் ஒருவர் ஒரு பிடி சாப்பிடுவதால் ஒன்றும் ஆகிவிடாது. தினசரி நெய்க்குத்தான் அளவு வேண்டும். பூரிதக் கொழுப்பிலிருந்து வரும் ஆற்றல் மொத்தத்தில் 10 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இரண்டு மூன்று கரண்டி நெய்யிலேயே அந்த எல்லை நெருங்கிவிடும்.

இதே ஊரில் வெண்ணெய் வாசனையே ஆகாது என்பவர்களும் இருக்கிறார்கள். வெண்ணெய் ஊரில் பிறந்து வெண்ணெயை வெறுப்பது பெரிய குற்றம்போலப் பேசப்படுவதால் அவர்களும் வாய் திறப்பதில்லை. அவர்கள் மூக்கு பொய் சொல்லவில்லை. பால் கொழுப்பில் பியூட்டிரிக் அமிலம் இருக்கிறது. வெண்ணெய் நாள்பட நாள்பட அது பிரிந்து மணக்கும், வாந்தியின் வாடையிலும் அது உண்டு. 2001-ல் ரேச்சல் ஹெர்ஸ், ஜூலியா வான் கிளெஃப் என்ற இரு ஆய்வாளர்கள் இந்த அமிலம் கலந்த ஒரே வாசனையை ஒருமுறை பாலாடைக்கட்டி என்றும் ஒருமுறை வாந்தி என்றும் பெயர் சொல்லி முகரக் கொடுத்தார்கள். பெயர் மாறியதும் பிடித்தது பிடிக்காமல் போனது. எருமைத் தொழுவத்தின் ஓரத்தில் வளர்ந்த பிள்ளைக்கு அந்த மணம் எதை நினைவூட்டுகிறது என்பது அந்தப் பிள்ளைக்கு மட்டும் தெரியும். வற்புறுத்தி ஊட்டாதீர்கள்.

வெண்ணெய் திருடிய கண்ணனை நாம் கொண்டாடுகிறோம். மன்னார்குடி ராஜகோபால சுவாமி கோயிலில் பங்குனியில் நடக்கும் வெண்ணெய்த்தாழி உற்சவத்தில் பக்தர்கள் சுவாமியின் மேல் வெண்ணெயையே வீசுகிறார்கள். ஆண்பிள்ளை திருடினால் குறும்பு. மருமகள் சட்டியை வழித்தால் அடுப்படிக்குள்ளேயே முடிந்துபோக வேண்டிய விஷயம். அந்த வேறுபாடு இன்னமும் போகவில்லை.

அதே கண்ணன் மண்ணும் தின்றான். இந்தத் தொடரில் நான் மிகவும் பேச விரும்புவது அந்த மண்ணைப் பற்றித்தான். ஊறவைத்த பச்சரிசி, திருநீறு, பலப்பம், செங்கல்தூள், அடுப்புச் சாம்பல் – கேட்டுப் பார்த்தால் ஒவ்வொரு தெருவிலும் ஒருத்தியாவது இதில் ஒன்றைத் தின்றிருப்பாள். கொங்கு நாட்டை ஆண்ட சேரர் வழியில் வந்த யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறையைக் குறுங்கோழியூர் கிழார் பாடிய புறநானூற்றின் 20-ஆம் பாட்டு, உன் நாட்டு மண்ணை மசக்கைப் பெண்கள் ஆசைப்பட்டு உண்பதல்லாமல் பகைவர் உண்ண முடியாது என்று அரசனைப் புகழ்கிறது. அந்த ஆசையைப் புலவர் சபையிலேயே சொல்ல முடிந்திருக்கிறது. அமெரிக்காவின் தென்மாநிலங்களிலும் கர்ப்பிணிகள் சலவைக்குப் போடும் ஸ்டார்ச் கட்டியைத் தின்றதை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

இது ருசியின் விசித்திரம் மட்டுமில்லை. உணவல்லாததைத் தின்னத் தோன்றும் இந்த ஆசைக்கும் பச்சரிசி மெல்லும் ஆசைக்கும் உடலில் இரும்புச்சத்து குறைவதற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. தேசிய குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் (2019–21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ரத்தசோகை. பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் பார்க்கிற பெண்ணை நினைத்துப் பாருங்கள். காலையில் ஒரு டீயும் பன்னும், மதியச் சோற்றை ஒட்டி இன்னொரு டீ. சோற்றிலும் கீரையிலும் இருக்கும் கொஞ்ச இரும்பையும் உடல் எடுத்துக்கொள்ளவிடாமல் டீயின் துவர்ப்புச் சத்து பிடித்துவைத்துவிடும். அவள் முந்தானையில் முடிந்துவைத்த அரிசியைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் அவளுக்கு மூச்சு வாங்குவதைக் கவனிப்பதில்லை.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தப் பரிசோதனைக்குப் போகும்போது, "இப்படி அரிசி திங்கத் தோணுதுங்க" என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இரும்புச்சத்து மாத்திரை உள்ளே போகத் தொடங்கியதும், ரத்தசோகை முழுதாகத் தீருமுன்பே பலருக்கு அந்த ஆசை மங்கிவிடுகிறது. மாத்திரையை மட்டும் டீயோடு விழுங்க வேண்டாம். இரண்டுக்கும் நடுவே ஒரு மணி நேரமாவது இடைவெளி இருக்கட்டும்.