கொல்லைக் குளமும் குறுந்தொகைக் குருகும்

பழந்தமிழ்ப் பாடல்களைப் பயிலும் மாணவர்க்குக் குருகு, சிரல், கம்புள் ஆகிய பெயர்கள் புதியன அல்ல. ஆயினும் அவற்றின் பொருள் யாதெனக் கேட்பின், 'ஒருவகைப் பறவை' என்னும் விடையே பெரும்பாலும் கிடைக்கிறது. தேர்வுக்கு அவ்விடை போதும்; பாடலின் சுவைக்குப் போதாது. இக்குறையை நீக்க நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. வீட்டுக் கொல்லையில் ஒரு சிறு குளம் இருப்பின் அதுவே நல்லதோர் உரைநூலாகும்.

குளத்திற்கு வரும் விருந்தினர்

காவிரிப் பாசனப் பகுதியில் கொல்லைப்புறத்தே குளமோ குட்டையோ அமைந்த வீடுகள் முன்னாளில் பல. இன்றும் சில உள. அங்கு நாம் பெரிதும் காண்பது மடையான் என்னும் சிறு கொக்கு ஆகும். நிற்கும்போது சேற்றின் நிறமாய்க் கண்ணுக்குப் புலப்படாது. எழுந்து பறக்கும்போதோ வெண்சிறகு விரித்து நம்மை வியக்கச் செய்யும். நாம் அருகிற் செல்லும்வரை அசையாது நிற்றலின் மக்கள் இதனைக் 'குருட்டுக் கொக்கு' என்பர். உண்மையில் இதன் பார்வை கூரியது. தன் நிறத்தை நம்பியே அது அசையாது நிற்கிறது.

சிரல் எனப்படும் மீன்கொத்தி, நீரின்மேல் நீண்ட கிளையில் அமர்ந்திருந்து திடீரெனப் பாயும். பற்றிய மீனைக் கிளையில் அடித்துத் தலைப்புறமாக விழுங்கும். கம்புள் என்பதற்குச் சம்பங்கோழி எனப் பொருள் கூறுவர். முகமும் மார்பும் வெளுத்து, முதுகு கறுத்து, வாலடி செம்பழுப்பாக விளங்கும் கானாங்கோழி, வாலை அசைத்து அசைத்துப் புதரோரம் நடக்கும். மழைக்காலத்தில் இரவிலும் ஓயாது கத்தும். நீர்க்காகம் மூழ்கி எழுந்தபின், நனைந்த சிறகுகளை விரித்து வெயிலில் உலர்த்தும்.

பாடல் விளங்கும் இடம்

குறுந்தொகையின் 25ஆம் பாடல் கபிலர் பாடியது. தலைவன் தன்னைக் கூடிய நாளில் வேறெவரும் அங்கு இல்லை. ஒரு குருகு மட்டுமே இருந்தது என்கிறாள் தலைவி. அக்குருகின் கால்கள் தினைத்தாள் போல் சிறியனவாய்ப் பசுமையாய் இருந்தன என்றும், ஓடும் நீரில் ஆரல் மீனை அது எதிர்நோக்கி நின்றது என்றும் கூறுகிறாள்.

சின்னக் கொக்கின் கால்கள் கரியவை. மடையானின் கால்களோ மங்கிய பசுமை உடையவை. கபிலர் கண்டது மடையானாகவே இருக்கலாம் என எண்ணத் தோன்றுகிறது. அதனினும் பெரிய செய்தி ஒன்று உண்டு. மடையான் இரைநோக்கி நிற்பதை அரைமணி நேரம் பார்த்தவர்க்கு, அதன் கண்ணும் கருத்தும் நீரைவிட்டு அகலா என்பது விளங்கும். இருந்த ஒரே சான்றும் தன்னைப் பார்க்கவில்லை என்பதன்றோ தலைவியின் துயரம்! 'ஒருவகைப் பறவை' என்னும் உரை இத்துயரத்தை நமக்குக் காட்டாது.

காணும் முறை

வைகறை கழிந்து வெயில் ஏறுமுன் உள்ள பொழுதே பறவை காண ஏற்றது. மங்கிய நிற ஆடை அணிந்து, ஓரிடத்தில் அசையாது அமர்தல் வேண்டும். நாள், நேரம், பறவையின் நிறம், அலகு, கால், நடை, குரல் ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதுதல் நன்று. பெயர் தெரியவில்லையெனினும் எழுதுக. பின்னர் நூல்களைக் கொண்டு தெளியலாம். பறவையியல் அறிஞர் சாலிம் அலி (1896–1987), சிறுவராயிருந்தபோது தாம் சுட்டு வீழ்த்திய சிட்டின் தொண்டையில் மஞ்சள் நிறம் இருக்கக் கண்டார். அதன் பெயரை அறிய விரும்பிப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தை நாடினார். 'ஒருவகைச் சிட்டு' என்று அமையாத அவ்வேட்கையே அவரைப் பறவையியலுக்கு ஆற்றுப்படுத்தியது.

குளம் காத்தல்

கொசுவுக்கும் பாம்புக்கும் அஞ்சிக் குளத்தைத் தூர்ப்பாரும், தூய்மை கருதி நாற்புறமும் சிமெண்டுச் சுவர் எழுப்புவாரும் நம்மிடையே உளர். அவர்தம் அச்சம் பொருளற்றதன்று. ஆயின், சிறு மீன்கள் வாழும் குளத்தில் கொசுப்புழுக்கள் அவற்றிற்கு இரையாகும். மீன்கொத்தியோ மண்கரையைக் குடைந்தே முட்டையிடும். சிமெண்டுச் சுவரில் அதற்கு இடமில்லை. கொக்கு நிற்க ஆழமற்ற ஓரம் வேண்டும். கானாங்கோழி ஒளியக் கோரைப்புதர் வேண்டும். ஒரு பக்கத்தையேனும் மண்கரையாய் விட்டுவைப்பின் இவையனைத்தும் அமையும்.

குளம் தூர்ந்தால் பறவை வேறிடம் தேடிச் செல்லக்கூடும். ஆனால் குருகும் சிரலும் கம்புளும் பொருளிழந்து நம் ஏட்டிலேயே தங்கிவிடும். மாணவச் செல்வங்கள் விடுமுறை நாளில் ஒரு காலைப்பொழுதை நீர்க்கரையில் செலவிடுவார்களாக! வீட்டுப் பெரியோர் அவர்களுக்கென அக்கரையைக் காத்துத் தருவார்களாக!