குறைந்த வண்ணங்களில் நீர்வண்ண நிலக்காட்சி ஓவியம்

குறைந்த வண்ணங்களில் நிலக்காட்சி வரைதல் என்பது மூன்று அல்லது நான்கு நிறமிகளை மட்டும் கொண்டு, மற்ற நிறங்களை அவற்றின் கலவையால் பெறும் நீர்வண்ண ஓவிய முறையாகும். வானம், மலை, மரம், நிலம் ஆகிய அனைத்திலும் அதே நிறமிகள் கலந்திருப்பதால் ஓவியத்தில் நிற ஒற்றுமை இயல்பாக அமைகிறது.

வண்ணங்களும் கலவையும்

அல்ட்ராமரின் நீலம், மஞ்சள் காவி, பர்ன்ட் சியன்னா என்னும் செம்பழுப்பு ஆகியவை பரவலாகப் பயன்படும் ஒரு தொகுதியாகும். நீலமும் செம்பழுப்பும் ஒன்றையொன்று தணித்துச் சாம்பல் நிறம் தருகின்றன. அவற்றையே அடர்த்தியாகக் கலந்தால் ஏறத்தாழக் கருமை கிடைக்கும். தனியே கறுப்பு தேவையில்லை. நீலமும் மஞ்சள் காவியும் சேர்ந்து மங்கலான பச்சையைத் தரும். இளந்தளிரின் பளிச்சென்ற பச்சையை இத்தொகுதியில் பெற இயலாது. வெள்ளைக்குத் தாளே பயன்படுகிறது. தாமசு கிர்ட்டின் 1800இல் வரைந்த 'செல்சியின் வெள்ளை வீடு' ஓவியத்தில், அந்தி வெளிச்சத்தில் ஒளிரும் வீடு வண்ணம் பூசாது விடப்பட்ட தாளே ஆகும்.

தொலைவைக் காட்டுதல்

தொலைவிலுள்ள மலைகளுக்கு நீலம் மிகுந்த, நீர்த்த கலவையும், அருகிலுள்ளவற்றுக்குப் பழுப்பு மிகுந்த, அடர்ந்த கலவையும் பூசப்படும். உலர்ந்தபின் வண்ணம் வெளிறுவதால் ஈரத்தில் சற்று அடர்த்தியாகவே பூச வேண்டும்.

ஒளியில் மங்குதல்

வண்ணங்கள் குறைவாக இருக்கையில் ஒரு நிறமி மங்கினாலும் ஓவியம் முழுவதும் மாறிவிடும். 18ஆம் நூற்றாண்டு ஆங்கில ஓவியர்கள் அவுரி நீலத்தையும் செங்காவியையும் கலந்து மேகங்களுக்குச் சாம்பல் நிறம் பெற்றனர். செங்காவி இரும்பு ஆக்சைடு ஆதலால் நிலைத்தது; அவுரி ஒளியில் மங்கியது. எனவே, சாம்பல் மேகங்கள் பல ஓவியங்களில் இளஞ்சிவப்பாகிவிட்டன. நீலத்தை இழந்த பச்சை மரங்களும் பழுப்பேறின.

இச்சிக்கல் குறித்து இங்கிலாந்தில் ரசல், ஆப்னி ஆகிய அறிவியலாளர்கள் நடத்திய ஆய்வின் அறிக்கை 1888இல் வெளியானது. ஒளியுடன் ஈரப்பதமும் ஆக்சிசனும் சேரும்போதே பெரும்பாலான நிறமிகள் மங்குகின்றன என்பதை அது காட்டியது.

மேற்கூறிய மூன்று நிறமிகளும் ஒளியைத் தாங்கி நிற்பவை. வேறு நிறமி சேர்ப்பதாயின், குழாயின் மேலுள்ள பெயரைவிட நிறமிக் குறியீட்டையும் ஒளி தாங்கும் தரத்தையும் பார்ப்பதே சரியானது. 'இண்டிகோ' என்ற பெயரில் இன்று விற்கப்படுவதில் பெரும்பாலானவை அவுரி அல்ல. வேறு நீல, கறுப்பு நிறமிகளின் கலவையே ஆகும்.