நெடுவழியில் ஒரு துணை

திருத்தலங்களை நாடி நடந்தே சென்று வழிபடுவது தமிழகத்தின் தொன்மையான வழக்கம். தைப்பூசத்தை ஒட்டிக் குன்றக்குடியிலிருந்து நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் வழியாகப் பழனிக்குச் செல்லும் அடியார்கள் 150 கிலோமீட்டருக்கு மேல் நடக்கின்றனர். அத்தனை தொலைவையும் தனியே கடப்போர் சிலரே. பெரும்பாலோர் உறவினரையோ நண்பரையோ துணையாகக் கொண்டே புறப்படுகின்றனர். வழியில் துணை வேண்டும் என்னும் உணர்வு நம் முன்னோரிடம் எவ்வளவு ஆழ்ந்திருந்தது என்பதை வேலூரை அடுத்த விரிஞ்சிபுரம் காட்டும். அத்தலத்துப் பெருமானுக்கு வழித்துணைநாதர் என்பதே திருப்பெயர். மார்க்கபந்தீசுவரர் என்னும் வடமொழிப் பெயரும் அப்பொருளதே.

துணையோடு செல்லும் நடைப்பயணம் இனியது, ஆயினும் எளியதன்று. வீட்டில் பல்லாண்டு பிணக்கின்றிப் பழகியவரும் மூன்றாம் நாள் வெயிலில் கடுஞ்சொல் பேசிவிடுவது உண்டு. இத்தகைய பயணத்தின் இடர்களையும் பயன்களையும் அறிய விரும்புவோர்க்குப் பெரியபுராணத்திலேயே சிறந்ததொரு வரலாறு இருக்கிறது. கி.பி. 7ஆம் நூற்றாண்டில் திருநாவுக்கரசரும் திருஞானசம்பந்தரும் சோழநாட்டில் ஒன்றாகத் தலயாத்திரை செய்த வரலாறே அது.

முன் செல்பவர் யார்?

அவ்விருவரும் எவ்வகையிலும் ஒத்தவர் அல்லர். நாவுக்கரசர் முதுமை எய்தியவர். கையில் உழவாரப்படை தாங்கிக் காலால் நடப்பவர். சம்பந்தர் இளஞ்சிறுவர், இறைவன் அருளிய முத்துச்சிவிகையில் செல்பவர். திருப்புகலூரிலிருந்து இருவரும் புறப்பட்டபோது, பெரியவர் நடக்கத் தாம் சிவிகையில் செல்வதற்குச் சம்பந்தர் மனம் ஒப்பவில்லை. தாமும் இறங்கி நடந்தார். இறைவன் அருளிய சிவிகையை விடுதல் ஆகாது என்று நாவுக்கரசர் வேண்டினார். அவ்வாறாயின் நாவுக்கரசரே ஒவ்வொரு தலத்திற்கும் முன்னே எழுந்தருள வேண்டும் என்றும், தாம் பின்னே வருவதாகவும் சம்பந்தர் கூறினார். நாவுக்கரசரும் அதற்கு இசைந்தார். இருவர் பெருமையும் குறையாமல் ஒரு முறை வகுக்கப்பட்டது.

இன்று நடப்போர்க்கும் முதலில் வரும் இடர் இதுவே. இருவர் நடை ஒருபோதும் ஒன்றாக இராது. விரைந்து நடப்பவர் முன் சென்று ஒரு மரநிழலில் காத்திருப்பார். மெல்ல வருபவர் வந்து சேர்ந்ததும் அவர் எழுந்துவிடுவார். ஓய்வு முழுவதும் ஒருவர்க்கே கிட்டும். களைப்பு மற்றவர்க்கே மிஞ்சும். ஆகவே மெல்ல நடப்பவரை முன்னே விட்டு, வலியவர் பின்னே வருதல் நன்று. முன்னவர் கால் தாங்குவதும் தள்ளாடுவதும் பின் வருபவர் கண்ணுக்குத் தப்பாமல் தெரியும்.

உணவும் காசும்

இருவரும் திருவீழிமிழலையில் தங்கியிருந்த காலத்தில் நாட்டில் பஞ்சம் வந்தது. அடியார்க்கு அமுது அளிக்க இறைவன் இருவர்க்கும் நாள்தோறும் ஒவ்வொரு பொற்காசு அருளினான். நாவுக்கரசர் பெற்ற காசு குறையற்றது. சம்பந்தர் பெற்ற காசுக்கு வாசி, அதாவது மாற்றும்போது கழிக்கப்படும் வட்டம், இருந்தது. அதனால் அவர் மடத்தில் பண்டம் வாங்கி அமுது படைக்கக் காலந் தாழ்ந்தது. நாவுக்கரசர் மடத்தில் உரிய வேளையில் அமுது நிகழ்ந்தது. சம்பந்தர் இதற்காக எவரையும் சினந்தாரல்லர். காரணத்தை வினவி அறிந்தார். கைத்தொண்டு செய்பவராதலின் நாவுக்கரசர் நற்காசு பெறுகிறார் என உணர்ந்து, தம் குறை தீருமாறு இறைவனைப் பாடி வேண்டிப் பெற்றார்.

வழியில் எழும் பூசல்களுள் பல, பசியாலும் பணத்தாலும் விளைபவை. யார் எதற்குச் செலவிடுவது, எவ்வளவு நேரம் நடந்தபின் உண்பது, எங்கே இரவு தங்குவது ஆகியவற்றைப் புறப்படுமுன்னரே பேசி முடிவு செய்தல் வேண்டும். பசித்திருக்கும்போது தோன்றும் சினத்தை உணவு முடியும்வரை வாய்க்கு வெளியே விடாதிருத்தல் மற்றொரு நல்விதி.

ஒப்பிட்டு நோக்கும் மனம்

திருமறைக்காடு எனப்படும் வேதாரணியத்தில் நிகழ்ந்தது இதனினும் நுட்பமானது. மறைகள் பூசித்து அடைத்திருந்த திருக்கதவு திறக்குமாறு, சம்பந்தர் வேண்ட நாவுக்கரசர் பாடினார். கதவு உடனே திறவாது, பதிகம் நிறைவுறும் நிலையிலேயே திறந்தது. பின்னர் அது அடைக்கச் சம்பந்தர் பாடியபோது முதற் பாட்டிலேயே அடைத்துக்கொண்டது. நாவுக்கரசர் உள்ளம் வருந்தினார். அன்றிரவு இறைவன் திருவாய்மூருக்கு வருமாறு உணர்த்த, அவர் தனியே எழுந்து பின்தொடர்ந்தார்.

துணைவரைக் காணாத சம்பந்தர் அவர் சென்ற இடத்தைக் கேட்டறிந்து தாமும் அங்கே விரைந்தார். வாய்மூரில் இறைவன் தன் திருக்கோலத்தைச் சம்பந்தருக்குக் காட்டினான். அதனைச் சம்பந்தர் காட்ட நாவுக்கரசரும் கண்டு களித்தார். தமக்குக் கிட்டிய காட்சியைத் தமக்கே உரியதாகச் சம்பந்தர் வைத்துக்கொள்ளவில்லை என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

உடன் நடப்பவர் களைப்பின்றி நடக்க, நம் காலில் மட்டும் கொப்புளம் எழுந்தால் மனம் சுருங்குவது இயல்பே. அவ்வேளையில் பேசாது பின்தங்குவதைவிட, வலியை வாய்விட்டுச் சொல்லுதல் நலம். துணைவரும் கூட்டத்தில் நம்மைக் காணாவிடில் திரும்பி வந்து தேடுதல் வேண்டும்.

உடலைக் காக்கும் துணை

துணையால் வரும் நன்மை உடலளவிலும் பெரிது. நீரிழிவு உடையவர்க்குக் கால் உணர்ச்சி குன்றியிருக்கலாம். புண் பட்டதும் அவர்க்குத் தெரியாது. அவர் வெறுங்காலோடு நடத்தல் தகாது. மாலைதோறும் அவர் உள்ளங்காலைத் துணைவர் விளக்கொளியில் பார்த்துவிடுதல் பெருந்தொண்டு. ஒருவர் உட்கொள்ளும் மருந்தை மற்றவரும் அறிந்திருத்தல் வேண்டும். வெயிலில் பேச்சுத் தடுமாறினாலோ தலை சுற்றினாலோ அதனை முதலில் உணர்பவர் உடன் வருபவரே. அப்போது நிழலில் அமர்த்தி, உடலை நீரால் குளிர்வித்து, மருத்துவ உதவியை நாடுதல் கடன். நேர்த்தியை நினைத்துத் தொடர்ந்து நடத்தலாகாது.

சாலையில் எதிர்வரும் வண்டிகளைப் பார்க்குமாறு வலப்புறமாக, ஒருவர்பின் ஒருவராகச் செல்லுதல் வேண்டும். இருளில் நடப்போர் ஒளிரும் பட்டையை ஆடையில் ஒட்டிக்கொள்வதும் கைவிளக்கு ஏந்துவதும் இன்றியமையாதன. அருகருகே பேசிச் செல்லும் இன்பத்தை ஊர்ப்புறத்து ஒற்றையடிப் பாதைக்கு ஒதுக்கி வைக்கலாம்.

பிரிவும் கூடலும்

மங்கையர்க்கரசியார் அழைப்பை ஏற்றுச் சம்பந்தர் மதுரைக்குப் புறப்பட்டபோது நாவுக்கரசர் அவர்க்கு வரக்கூடிய தீங்கை எண்ணி அஞ்சித் தடுத்தார். சம்பந்தர் தம் கடமையில் உறுதியாக நின்று விடைபெற்றார். பின்னர் அவர் திரும்பி வருவதை அறிந்த நாவுக்கரசர் திருப்பூந்துருத்தி அருகே எதிர்சென்று, கூட்டத்தில் எவரும் அறியாமல் புகுந்து, அவர் சிவிகையைத் தம் தோளில் தாங்கினார். அப்பர் எங்குள்ளார் என்று சம்பந்தர் கேட்க, உம் அடிகள் தாங்கும் பேறு பெற்று இங்குள்ளேன் என்னும் பொருள்பட விடை வந்தது. சம்பந்தர் பதைத்து இறங்கி வணங்க முற்பட, நாவுக்கரசர் அதற்கு முன்னரே வணங்கினார்.

புகலூரில் பெரியவர்க்காகச் சிறியவர் சிவிகையை விட்டு இறங்கினார். பூந்துருத்தியில் சிறியவர்க்காகப் பெரியவர் அச்சிவிகையையே சுமந்தார். இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் இடையே கிடந்த வழியில்தான் பசியும் வருத்தமும் கருத்து வேற்றுமையும் பிரிவும் வந்து சென்றன. அவை அன்பைக் குறைக்கவில்லை.

இவ்வாண்டு நடைப்பயணம் மேற்கொள்ளும் மெய்யன்பர்கள் நேர்த்திப் பொருள்களை எடுத்து வைப்பதோடு, உடன் வருபவரின் நலங்களையும் நோய்களையும் கேட்டறிந்து புறப்படுவார்களாக. இருவரும் ஒருசேரச் சந்நிதியில் நின்று தொழும் பேற்றினை வழித்துணையாகிய இறைவன் அருள்வானாக.