அடுத்த அடி யாருக்குத் தெரியும்?

டாங்கோ என்றவுடன் நம்மில் பலருக்குத் திரைப்படக் காட்சியே நினைவுக்கு வரும். அது ஒத்திகை பார்த்து ஆடப்படுவது. அர்ஜென்டினாவின் புவெனஸ் ஐரிஸ் நகரத்து நடனக் கூடங்களில் ஆடுவோருக்கோ அடுத்த அடி எதுவென்று முன்னதாகத் தெரியாது.

19-ஆம் நூற்றாண்டின் இறுதியில், பிழைப்புத் தேடி வந்த ஐரோப்பியரும் ஆப்பிரிக்க வழிவந்தோரும் கலந்து வாழ்ந்த ஏழைக் குடியிருப்புகளில் பிறந்த ஆட்டம் இது. அந்நகரில் பிறந்த மறைந்த திருத்தந்தை பிரான்சிஸும் இதனை விரும்பினார்.

அழைப்புக்கூடச் சொல்லால் அன்று. கூடத்தின் மறுபுறத்திலிருந்து ஒரு பார்வை, ஒரு தலையசைப்பு. விருப்பமில்லாதவர் கண்களைத் திருப்பிக்கொள்வார், எவருக்கும் தலைகுனிவில்லை. மூன்று அல்லது நான்கு பாடல்களுக்கு அதே துணை.

நடத்துகிறவர் துணையைத் தள்ளுவதில்லை, இழுப்பதுமில்லை. தம் உடற்பாரத்தை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றுகிறார். அவ்வசைவை அணைப்பின் வழியே உணர்ந்த துணை, தம் அடியால் விடையளிக்கிறார். அவ்வடி முடியும்வரை நடத்துகிறவர் காத்திருக்கவேண்டும். கடினமானது இந்தக் காத்திருப்பே. அடுத்த மூன்று அடிகளை மனத்துள் திட்டமிட்டுவிட்டவர், எதிரே நிற்பவரின் பாரம் எக்காலில் உள்ளதென்பதை மறந்துவிடுகிறார்; கால்கள் மோதுகின்றன. பல்லாண்டு இணைந்து வாழ்ந்த தம்பதியரும் இதில் தவறக்கூடும். துணையின் மறுமொழி தமக்கு முன்பே தெரியும் என எண்ணிவிடுகிறார்கள் அல்லவா! (நம் இல்லத்து உரையாடல்களும் பல வேளை இப்படித்தானே?)

இசை சற்றே ஓய்கையில் தேர்ந்த இணைகள் அவசரப்படுவதில்லை. அணைப்பு தளராமல் அப்படியே நிற்கின்றனர். மறுபடி எப்போது அசைவது என்பதை அவர்கள் அந்நேரத்தில்தான் கண்டுகொள்கின்றனர்.