உங்கள் மின்னஞ்சலை வேறு யார் வாசிக்கிறார்கள்?

வெளிநாட்டு வேலைக்கோ பல்கலைக்கழகப் பதிவுக்கோ விண்ணப்பிக்கப் போனால், கல்முனை முதல் அக்கரைப்பற்று வரை கொமியூனிகேஷன் கடைக்காரரே ஜீமெயில் கணக்கும் திறந்து கொடுப்பதுண்டு. பாஸ்வேர்டும் அவரிடமே தங்கிவிடுகிறது. பிறகு கடவுச்சீட்டுப் பிரதி, விசா, வங்கி விபரம் எல்லாம் அந்த இன்பாக்ஸுக்குத்தான் வருகின்றன. மற்றக் கணக்குகளின் பாஸ்வேர்டை மாற்றும் இணைப்பும் அங்கேதான் வரும். இன்பாக்ஸ் பிறர் கைக்குப் போனால் அந்தக் கணக்குகளும் பின்னாலேயே போகலாம்.

பிறரின் இன்பாக்ஸை ஒருவர் இரவு பகலாகக் காத்திருந்து வாசிக்க வேண்டியதில்லை. ஒரு புரோகிராம் போதும்.

எப்படி நுழைகிறது?

முதல் வழி, மின்னஞ்சலைச் செயலிக்குக் கொண்டுவரும் ஐமேப், பொப் என்னும் இணைப்பு முறைகள். போனிலுள்ள மெயில் செயலிகள் பலவும் இவற்றால்தான் இயங்குகின்றன. மருதமுனைக் கைத்தறி வியாபாரிக்கு மின்னஞ்சலில் வரும் ஓர்டர்களைத் தானாகப் பட்டியலிடவும் இதே முறை உதவும். உரியவர் சம்மதித்தால் இதில் தவறில்லை.

இரண்டாவது வழி, நாமே அழுத்தும் ‘அனுமதி’ பொத்தான். செயலிக்கு நம் பாஸ்வேர்ட் தெரியவே வேண்டாம். 2017 மே மாதம் ‘கூகுள் டொக்ஸ்’ என்று பெயர் சூட்டிக்கொண்ட போலிச் செயலி இப்படித்தான் பலரின் மின்னஞ்சலுக்குள் நுழைந்தது. விளம்பர மின்னஞ்சல்களை நிறுத்தித் தருவதாகச் சொன்ன ‘அன்ரோல்.மீ’ சேவையோ, பயனர்களின் ரசீதுகளிலிருந்து எடுத்த தரவைத் தாய் நிறுவனம் விற்கக் கொடுத்தது. அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2019 இல் அதன்மீது நடவடிக்கை எடுத்தது.

மூன்றாவது வழி ஃபார்வர்டிங். கணக்குக்குள் ஒருமுறை நுழைந்தவர் இதை அமைத்துவிட்டால், புதிதாக வரும் மின்னஞ்சல்களின் பிரதி அவருக்கும் போகும். பாஸ்வேர்டை மாற்றினாலும் இது நிற்காது.

சட்டம் என்ன சொல்கிறது?

இலங்கையின் 2007 ஆம் ஆண்டு 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டப்படி, அதிகாரமில்லை என்று தெரிந்தே பிறருடைய கணினித் தகவலை அணுக முயல்வது குற்றம். ஒரு இலட்சம் ரூபாய் வரை அபராதம், ஐந்து ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். கணக்கைத் திறந்து கொடுத்தது, அதை வாசிக்கும் அதிகாரம் ஆகாது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறவும் தரவை அழிக்கக் கோரவும் உரிமை தருகிறது. அதன் பகுதிகள் கட்டம் கட்டமாகவே நடைமுறைக்கு வருகின்றன.

என்ன செய்யலாம்?

• கணினியில் ஜீமெயிலைத் திறந்து, பக்கத்தின் அடியிலுள்ள ‘விபரம்’ இணைப்பை அழுத்துங்கள். அண்மையில் எங்கிருந்து, எந்த வழியில் கணக்கு திறக்கப்பட்டது என்று காட்டும். சந்தேகமானவற்றை முதலில் ஸ்கிரீன்ஷொட் எடுங்கள், அது சாட்சி.

• பாஸ்வேர்டை உங்கள் சொந்தப் போனில் மாற்றுங்கள். இருபடிச் சரிபார்ப்பைப் போடுங்கள். கணக்கை மீட்கும் தொலைபேசி இலக்கம் உங்களுடையதுதானா என்று பாருங்கள்.

• கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதியில், தெரியாத செயலிகளுக்கான அனுமதியை நீக்குங்கள்.

• கணினியில் ஜீமெயில் அமைப்புகளுக்குள் ஃபார்வர்டிங், ஃபில்டர் (மின்னஞ்சலைத் தானாகப் பிரிக்கும், அனுப்பும் விதி) இரண்டையும் பாருங்கள். அந்நிய முகவரி இருந்தால் அகற்றுங்கள்.

• சேதம் நடந்திருந்தால் உடனே வங்கிக்கு அறிவியுங்கள். இணையப் பாதுகாப்புக்கான இலங்கை சேர்ட் நிறுவனத்தின் 101 இலக்கத்துக்கு அழையுங்கள். பொலிஸிலும் முறையிடுங்கள்.

கடை நடத்தும் சகோதரர்களே, நம்பி வந்தவரின் பாஸ்வேர்ட் உங்களிடம் அமானிதம். அதைக் கொப்பியில் எழுதி வைக்காதீர்கள், கணினியில் சேமிக்காதீர்கள். எழுதத் தெரியாத உம்மாவாக இருந்தால், அவர் நம்பும் பிள்ளையைக் கூட்டிவரச் சொல்லி, அந்தப் பிள்ளை கையால் பாஸ்வேர்டைப் போட வையுங்கள்.