மூளை ஸ்கேனில் வந்து மறையும் திட்டு

இரண்டு நாள் காய்ச்சலில் கிடந்த பிள்ளை திடீரென்று உளறுகிறது. இல்லாத ஆளைக் காட்டி அலறுகிறது. சிலருக்கு வலிப்பும் வரும். ஜன்னி என்று மந்திரிக்க அலையாமல் 108-ஐ அழையுங்கள்.

மருத்துவமனையில் எடுக்கும் எம்.ஆர்.ஐ. அறிக்கையில் 'மூளையில் பாதிப்பு' என்றிருந்தால் யாருக்கும் நெஞ்சு பதறும். ஆனால் அது எந்த இடத்தில் என்று பார்க்க வேண்டும். மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் நரம்புக் கற்றையின் பின்முனைக்கு ஸ்ப்ளீனியம் என்று பெயர். அதன் நட்டநடுவில் மட்டும் முட்டை வடிவில் வெள்ளைத் திட்டு தெரிந்தால் பெரும்பாலும் நல்ல சகுனம்தான். இன்ஃப்ளூயன்சா, ரோட்டா வைரஸ், பொன்னுக்கு வீங்கி போன்ற தொற்றுகளின்போது இது தோன்றி, அநேகமாக ஒன்றிரண்டு வாரத்தில் சுவடில்லாமல் மறைகிறது. ஜப்பானிய மருத்துவர்கள் 2004-இல் இதைத் தனி வகையாக விவரித்து, சுருக்கமாக 'மெர்ஸ்' என்றார்கள். இந்தப் பெயரை இணையத்தில் தேடினால் ஒட்டகம் வழியாகப் பரவும் கொரோனா வந்து மிரட்டும். அது வேறு நோய்.

வலிப்பு மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினாலும், சர்க்கரை மிகவும் தாழ்ந்தாலும் இதே இடத்தில் திட்டு வரலாம். ஆகவே சாப்பிட்ட மருந்து, விட்ட மருந்து எதையும் மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

'லேசானது' என்பது தேறிய பிறகு சொல்கிற பேச்சு. முதல் நாளில் மூளைக்காய்ச்சலா என்று பார்த்தே ஆக வேண்டும். சோடியம் குறைந்திருக்கிறதா என்று ரத்தம் எடுப்பார்கள்; முதுகில் ஊசி போட்டு நீர் எடுக்கவும் கேட்பார்கள். கால் விழுந்துவிடும் என்று இதற்குக் கையெழுத்துப் போட மறுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஊசி இறங்கும் இடத்துக்கு மேலேயே தண்டுவடம் முடிந்துவிடுகிறது! ஸ்டீராய்டு கொடுப்பதும் உண்டு; எல்லோருக்கும் அது தேவை என்பதற்கு உறுதியான சான்றில்லை. ஏன் கொடுக்கிறீர்கள் என்று தாராளமாகக் கேட்கலாம்.

இரண்டாவது மருத்துவரிடம் கருத்துக் கேட்பதும் உங்கள் உரிமை. அதற்கு அறிக்கைத் தாள் போதாது. படங்கள் அடங்கிய சிடியையும் வாங்குங்கள். சிகிச்சைப் பதிவேடுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்கின்றன 2002-ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதிகள். எழுத்தில் கேளுங்கள், நகலுக்கு முத்திரை வாங்குங்கள். தராவிட்டால் மாநில மருத்துவக் கவுன்சிலில் புகார் செய்யலாம். கட்டணம் வாங்கும் மருத்துவமனை என்றால் இரண்டு ஆண்டுக்குள் நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம்.

பிள்ளை எழுந்து ஓடியாடுகிறதே என்று மறு ஸ்கேனைத் தவிர்க்காதீர்கள். எம்.ஆர்.ஐ.யில் கதிர்வீச்சு கிடையாது. மறு ஸ்கேனிலும் திட்டு அப்படியே நின்றால் வேறு நோயைத் தேட வேண்டியிருக்கும்.