லீவுக்குப் பிள்ளைகள் வருமுன் கொல்லையைச் சுற்றி வாருங்கள்

முழுப்பரீட்சை முடிந்துவிட்டால் ஊரில் வீட்டுக்கு வீடு ஆள் கூடிவிடும். திருப்பூரிலும் சென்னையிலும் வேலை பார்க்கும் அண்ணன் தம்பிகள், கட்டிக்கொடுத்த அக்கா தங்கைகள், அவர்களுடைய பிள்ளைகள் என்று பத்துப் பதினைந்து பேர் வந்து இறங்குவார்கள். மார்கழிப் பட்டத்துக் கடலை பிடுங்கி முடிந்திருக்கும். நிலம் கோடை உழவுக்கு ஒரு மழையை எதிர்பார்த்துக் கிடக்கும். வேலை குறைந்த இந்த நாட்களில், ஒரு சாயங்காலம் எல்லோரும் கொல்லைப்புற வேப்பமரத்தடியில் கூடி உட்காரலாம்.

இதற்குப் பெரிய செலவு கிடையாது. விருந்து என்றதும் வீட்டுப் பெண்கள் காலையிலிருந்து அடுப்படியிலேயே வேக வேண்டும் என்ற வழக்கத்தை அன்று ஒரு நாள் விட்டுவிடலாம். மூன்று கல்லைக் கூட்டி, ஓர் அண்டாவில் உப்புப் போட்டுக் கடலை அவிப்பதை ஆண்களே பார்த்துக்கொள்ளட்டும். காய்ந்த கடலை என்றால் முதல்நாள் இரவே ஊறப்போட வேண்டும். பானையில் நீர்மோர், மரத்திலிருந்து இறக்கிய நுங்கு, இளநீர் இருந்தால் போதும். நுங்குக் கூந்தலை வெட்டும்போது மட்டும் சின்னப் பிள்ளைகளைத் தள்ளி உட்காரச் சொல்ல வேண்டும். தின்று முடித்த கூந்தல் இரண்டும் ஒரு கவட்டைக் குச்சியும் கிடைத்தால் நுங்கு வண்டி தயார். பிறகு அவர்கள் செல்போனைத் தேட மாட்டார்கள்.

மாம்பழத்துக்கு மட்டும் ஒரு வாரம் முன்பே யோசிக்க வேண்டும். முற்றிய காயைச் சிறிது காம்போடு பறித்து, பால் வடியவிட்டு, வைக்கோலில் அடுக்கினால் ஐந்தாறு நாளில் பழுத்துவிடும். அவசரத்துக்குக் கார்பைடு கல் வைப்பது வேண்டாம். அதில் ஆர்சனிக், பாஸ்பரஸ் கலப்பு இருக்கக்கூடும். உணவுப் பாதுகாப்பு விதிகள் அதைத் தடை செய்திருக்கின்றன. சொந்த மரத்துக் காயை அப்படிப் பழுக்க வைத்துத் தங்கை பிள்ளைகளுக்குக் கொடுப்பானேன்?

தின்பண்டத்தை விட முக்கியமான வேலை ஒன்று இருக்கிறது. விவசாய வீட்டின் கொல்லை வெறும் தோட்டமல்ல, அது பண்டக சாலையும்கூட. கைத்தெளிப்பான் சுவரில் தொங்கும், கூரை இடுக்கில் பாதி மருந்துள்ள பாட்டில் செருகியிருக்கும். வீட்டுப் பிள்ளைகளுக்கு அது என்னவென்று தெரியும். டவுனில் வளர்ந்த ஆறு வயதுப் பிள்ளைக்குத் தெரியாது. தாகத்தோடு ஓடி வரும் பிள்ளைக்கு, குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைத்த மருந்து குளிர்பானம்தான்.

2013 ஜூலையில் பீகார் மாநிலம் சரண் மாவட்டத்தில் பள்ளி மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். சமைத்த எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் கலந்திருந்தது ஆய்வில் தெரிந்தது. நம் வீடுகளிலும் மருந்து டப்பாவைக் கழுவி மண்ணெண்ணெய் ஊற்றி வைப்பதும், மருந்து கலக்கும் டிரம்மில் தண்ணீர் பிடிப்பதும் இன்னும் நடக்கிறது. எத்தனை முறை கழுவினாலும் அவை புழக்கத்துக்கு ஆகாது. காலி டப்பாக்களைக் குத்தி உடைத்து, வீட்டுக்கும் கிணற்றுக்கும் தள்ளி ஆழமாகப் புதைக்க வேண்டும். மீதி மருந்து அதன் சொந்த டப்பாவிலேயே, லேபிளோடு, பூட்டிய பெட்டியில் இருக்கட்டும். லேபிளில் உள்ள முக்கோணம் சிவப்பாக இருந்தால் அது மிகக் கொடிய நஞ்சு. அடுத்த நிலை மஞ்சள், பிறகு நீலம், கடைசியாகப் பச்சை. பச்சை என்றாலும் குடிக்கக்கூடியது என்று அர்த்தமில்லை.

தப்பித் தவறி யாராவது குடித்துவிட்டால் உப்புக் கரைசல், சோப்புத் தண்ணீர், சாணிக் கரைசல் என்று எதையும் புகட்டி வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. உடனே 108-ஐக் கூப்பிட வேண்டும். மருந்து டப்பாவையும் கையோடு எடுத்துப் போனால், எந்த மருந்து என்று டாக்டர் தேடிக்கொண்டிருக்க வேண்டியிருக்காது.

அடுத்தது தண்ணீர். பம்புசெட் தொட்டியில் குளிப்பதற்காகவே வரும் பிள்ளைகள் உண்டு. குளிக்கட்டும். ஆனால் ஈரக்கையோடு ஸ்டார்ட்டர் பெட்டியைத் தொடாதபடி பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். தோல் உரிந்த ஒயர் இருந்தால் அவர்கள் வருமுன் மாற்றிவிட வேண்டும். சுற்றுச்சுவர் இல்லாத கிணற்றுக்கு முள்வேலியாவது தேவை. தண்ணீர் வராமல் விட்ட போர்க்குழியைச் சாக்கால் மூடி வைப்பது மூடியதாகாது. 2019 அக்டோபரில் திருச்சி மாவட்டம் நடுக்காட்டுப்பட்டியில் 2 வயதுக் குழந்தை விழுந்து இறந்தது, வீட்டருகே இருந்த அப்படிப்பட்ட ஒரு குழியில்தான். அடிவரை மண்ணும் கல்லும் போட்டு நிரப்ப வேண்டும். அதுவரை இரும்பு மூடியைப் போல்ட் போட்டு முடுக்கி வைக்கலாம்.

இருட்டியதும் பேச்சு நீளும், பிள்ளைகள் பாயிலேயே தூங்கிவிடுவார்கள். கட்டுவிரியன் இரவில் நடமாடும் பாம்பு. தரையில் படுத்திருப்பவர்களைத்தான் அதிகம் கடிக்கிறது. கடித்த வலிகூடப் பல சமயம் தெரியாது. தூக்கத்தில் எழுந்து வயிறு வலிக்கிறது, கண்ணைத் திறக்க முடியவில்லை என்று பிள்ளை சொன்னால், தின்ற மாம்பழத்தின் மேல் பழி போட்டு விடியும்வரை காத்திருக்கக் கூடாது. விஷமுறிவு மருந்து உள்ள அரசு ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டுபோக வேண்டும். கயிற்றுக் கட்டிலில் கொசுவலை கட்டிப் படுக்கவைத்தால் பயம் குறையும். விறகும் ஓலையும் படுக்கும் இடத்துக்குத் தள்ளியே இருக்கட்டும்.

மறுநாள் காலையில் இளநீர்க் குடுவைகளையும் நுங்குக் கூந்தல்களையும் அப்படியே விட்டால், ஒரு மழைக்குத் தண்ணீர் தேங்கி டெங்குக் கொசு முட்டையிடும். வெட்டிக் காயவைத்தால் அடுப்புக்கு ஆகும். மாங்கொட்டைகளைக் காயவிடாமல், அந்த வாரமே மேலோட்டை நீக்கி, மண் நிரப்பிய பாலிதீன் பைகளில் பிள்ளைகளை விட்டே ஊன்றச் சொல்லுங்கள். கொட்டையில் முளைக்கும் கன்று தாய்மரத்துப் பழத்தையே கொடுக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒட்டுக் கட்ட நல்ல வேர்ச்செடியாகும். அடுத்த லீவுக்கு வரும்போது எந்தப் பை யாருடையது என்று சண்டை வராமல் இருக்க, பெயரெழுதிய குச்சி ஒன்றையும் குத்தி வைத்துவிடலாம்.